அவள் வெட்டிய கொடியும் நான் இறுக்கிய கார்டும்

பொறாமை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். மனவருத்தம், ஆதங்கம் என்றெல்லாம் எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் மேல் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் ஒரு சாயங்காலம் நான் செய்ததைத்தான் எழுதப் போகிறேன். செய்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றும் செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு மாடிக் கட்டடம். கீழே தோல் பெல்ட் தைக்கிறார்கள், மேலே நாங்கள் கத்தி செய்கிறோம். கத்தி என்றதும் ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். வெங்காயம் நறுக்குகிற கத்தியும் இல்லை, ஆளை வெட்டுகிற கத்தியும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதற்கென்றே கையால் செய்கிற கத்தி. வாங்குகிறவர்கள் அதை வைத்து ஒரு எலுமிச்சம்பழம்கூட அறுக்க மாட்டார்கள்.

முதலாளி மாட்டுங்காக்காரர், பாலக்காட்டு வழி. ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பிளேடு அடிக்கவும் சாணை பிடிக்கவும் கற்றுக்கொண்டு வந்தவர். முட்டைகூடச் சாப்பிடாத மனிதர் முழ நீளத்துக்குக் கத்தி செய்கிறார் என்பது கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்களுக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. பிளேடு அவர் வேலை. மரப்பிடியும் மர உறையும் செய்கிறவர் உத்தரப்பிரதேசத்துத் தச்சர், வயதானவர். அவரைச் சாச்சா என்று கூப்பிடுவோம். பிளேடுக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு கார்டு வரும். அது என் வேலை.

கார்டு என்றால், பிடித்திருக்கும் கை வழுக்கிப் பிளேடு மேல் போய்விடாமல் தடுக்கிற பித்தளைத் துண்டு. முட்டை வடிவம், என் கட்டைவிரல் நீளம். பிளேடின் பின்னால் வால் மாதிரி ஒரு பாகம் நீண்டிருக்கும், அதுதான் பிடிக்குள் போய் மறைவது. கார்டின் நடுவில் ஒரு துளை போட்டு, அந்த வால் வழியாக ஏற்றி, பிளேடின் தோளில் போய் முட்டுகிற வரை தள்ள வேண்டும். சொல்லும்போது சுலபம். பிளேடின் தோளில் மெழுகுவர்த்திக் கரியைப் பிடித்து, கார்டை ஏற்றி எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடி கரி, மறுபடி இழுப்பு. ஒரு கார்டுக்கு நாற்பது ஐம்பது தடவை நடக்கும். கடைசியில் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இரும்புக்கும் பித்தளைக்கும் நடுவில் ஒரு நூல் வெளிச்சம்கூட வரக் கூடாது. எனக்கு வராது. கல்யாணமான புதிதில் இருந்து பெல்ட் பக்கிள் அராவி அராவிப் பழகிய கை.

இதில் இருக்கிற கொடுமை என்னவென்றால், என் வேலை நன்றாக இருந்தால் அது கண்ணிலேயே படாது. பிளேடும் பித்தளையும் பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். யாரும் அதைப் பார்த்து நின்று ஆகா என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் கார்டின் முகத்தில் அவள் வெட்டுகிற சித்திரம் இருக்கிறதே, அதைத்தான் ஊரே பார்க்கும்.

அவள் சுனாபட்டியிலிருந்து வருகிறவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். இரண்டு பேர் வீடும் திருநெல்வேலிப் பக்கம்தான், ஆனால் இரண்டு பேரும் பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவளுடைய அப்பா பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவர். கல்யாணத்துக்கு வாங்குகிற அண்டா, குத்துவிளக்கு, சொம்பு, டிபன் கேரியர் எல்லாவற்றிலும் பேரும் ஊரும் தேதியும் வெட்டித் தருவார்களே, அந்த வேலை. அவருக்குக் கண் மங்கிய பிறகு அந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்தாள். மெஷின் வந்த பிறகும் அவள் உளியை விடவில்லை. முதலாளி, எங்கள் சார், தன் மகள் கல்யாணத்துக்கு வெள்ளிப் பால்பாத்திரத்தில் பேர் வெட்டப் போனவர், எழுத்தைச் சுற்றி அவள் சும்மா இழுத்துவிட்ட ஒரு கொடியைப் பார்த்து மயங்கிப் போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அதுவரைக்கும் கார்டில் சித்திரமும் நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். நான்கு கோடும் இரண்டு புள்ளியும். அதற்குச் சித்திரம் என்று பெயர் வைத்திருந்தோம். அவள் வந்த முதல் வாரம் சார் என் உளிகளை எடுத்து அவள் பக்கம் வைத்தார். சண்டை போடவெல்லாம் முடியாது, அவள் வேலை எப்படி என்று நானே கண்ணால் பார்த்தேன் இல்லையா? ஆனால் அந்த உளிகளை அவர் என்னிடம் கேட்டு எடுத்திருக்கலாம்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. புளியோதரை கொண்டு வந்தால் எனக்கு ஒரு டப்பா தனியாக வரும். அரை கிளாஸ் கட்டிங் சாயாவை இரண்டாகப் பிரித்தால் பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவாள். எனக்கு ஜுரம் வந்தால் போன் செய்து என் வீட்டுக்காரரைத் திட்டுவாள். இப்படி ஒருத்தி மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ராத்திரி படுத்தால் அவள் மேல் குற்றம் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

செம்பூரில் ஒரு டாக்டர். கத்தி சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். அவள் வெட்டின கார்டு போட்ட முதல் கத்தியை வாங்கிக்கொண்டு போய் போனில் படம் போட்டார். எட்டுப் படம். எட்டிலும் கார்டு, கிட்டத்தில், இன்னும் கிட்டத்தில். கீழே கண்ட கண்ட ஊர்க்காரர்கள் எழுதியிருந்தார்கள். என்ன கை, என்ன கொடி, யார் செய்தது. நான் ட்ரெயினில் நின்றுகொண்டே கடைசி வரைக்கும் தள்ளித் தள்ளிப் படித்தேன். கார்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று ஒருத்தன், ஒரே ஒருத்தன் எழுதியிருக்கக் கூடாதா? காதில் புகை வருகிறது என்று கேலியாகச் சொல்வோமே, எனக்கு நிஜமாகவே காது சுட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கத்திக்கும் அந்தப் படங்களைத் தேடிப்போய்ப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்கலாம் அல்லவா? இருக்க மாட்டேன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வழக்கம் இருந்தது. கார்டின் துளை இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லை. பிளேடு பக்கம் இருக்கிற வாய் இறுக்கமாக இருக்கும், அந்தப் பக்கம்தான் வெளியே தெரிவது. பிடி பக்கத்து வாயைக் கொஞ்சம் அகலமாக அராவிவிடுவேன். அப்படிச் செய்தால்தான் கார்டு சண்டை போடாமல் ஏறும். அகல வாய் மரத்துக்குள் மறைந்துவிடுவதால் பாதகமில்லை. திருப்பி மாட்டினால் அவ்வளவுதான், பிளேடைச் சுற்றிச் சந்து தெரியும். எந்த முகம் எந்தப் பக்கம் என்று என் கண்ணுக்கு உடனே தெரியும், அவள் கண்ணுக்குத் தெரியாது. அவளுக்குத் துளை என்பது கொடி போகக் கூடாத இடம், அவ்வளவுதான். அதனால் பிடி பக்கத்து முகத்தில், பஞ்ச் என்கிற கூர் ஆணியால் தட்டி ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பேன். வெட்டும்போது அசையாமல் இருக்க, புள்ளி இருக்கிற முகத்தை அரக்கில் பதித்துவிட்டு மறு முகத்தில் அவள் வெட்டுவாள். மூன்று வருஷமாக ஒரு தடவையும் அவள் கேட்டதில்லை, நானும் தவறவிட்டதில்லை.

போன வருஷம் மழை விட்ட சமயம், அந்தச் செம்பூர் டாக்டர் பெரிய கத்தி ஒன்று கேட்டார். சார் எங்கள் பெஞ்சுக்கு வந்தார்.

"டாக்டர் ஒண்ணு கேட்டிருக்கார். வெட்டினவா பேர் கார்டுலயே இருக்கணுமாம். எனக்கும் அது நியாயமாத்தான் படறது" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். "ஓரத்துல, சின்னதா, உன் பேரைப் போட்டுக்கோம்மா. தமிழ்லயே போடு. இனிமே எல்லாக் கத்திலயும் போட்டுடலாம்."

அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அவர் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எத்தன ஆயிரம் பேரு வெட்டியிருப்பேன். மாப்ள பேரு, பொண்ணு பேரு, அவங்க அத்த பேரு, செத்துப்போன தாத்தா பேரு. எம் பேர ஒண்ணுலயும் வெட்டுனதில்லளா. எங்க வீட்டுச் சாமான்ல எங்க அப்பா பேருதான் இருக்கு. இவுக வீட்டுக்கு வந்த பொறவு இவுக பேரு."

"நல்லதுதான. வெட்டு" என்றேன். சிரித்த மாதிரியும் முகத்தை வைத்துக்கொண்டேன்.

உள்ளே என்ன ஓடியது என்பதை மறைக்கப் போவதில்லை. மத்தியானம் சார் தனியாக இருக்கும்போது போய், விளையாட்டுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன். "அப்ப எம் பேர எங்க சார் போடணும்?"

அவர் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டார். "நோக்கு எங்கம்மா எடம்? வேணும்னா பிடிக்குள்ள எழுதி வச்சுக்கோ. யாரும் பாக்க மாட்டா" என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன், சமைக்கும்போது வைத்திருந்தேன், காலையில் திரும்பக் கொண்டு வந்தேன்.

அந்தக் கோபத்தில்தான் அந்தக் கார்டை அராவினேன். கோபத்தில் கை கெட்டுப்போகும் என்பார்கள், எனக்கு அன்றைக்கு நன்றாகவே வந்தது. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கார்டு நான் போட்டதில்லை. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன், வெளியே போய் வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஒன்றும் இல்லை. யாரிடமாவது காட்டலாம் என்று திரும்பினால் யாரும் இல்லை. இரண்டு முகத்தையும் உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கி அவள் பக்கம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். புள்ளி வைக்க மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துதான் போனேன். இதில் எந்தச் சூதும் இல்லை, சூது பிறகுதான் வந்தது.

புள்ளி இல்லாவிட்டால் அவள் கேட்டிருப்பாள். ஆனால் அந்தப் பித்தளையில் ஒரு முகத்தில், வார்க்கும்போது காற்று புகுந்து விழுந்த ஊசிமுனைக் குழி ஒன்று இருந்தது. அதுவும் துளைக்குப் பக்கத்திலேயே. அவள் அதை என் புள்ளி என்று நினைத்து, அந்த முகத்தை அரக்கில் பதித்துவிட்டு, மறு முகத்தில் ஆரம்பித்துவிட்டாள். அதாவது பின்பக்கத்தில்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சாயா கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். குனிந்து வைக்கும்போதே கண்ணில் பட்டது. நான் அகலமாக அராவின வாய், அரக்கு வழிந்த உதட்டோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி அவள் விளிம்பில் ஒரு கோடும் ஒரே ஒரு இலையும் வெட்டியிருந்தாள். அந்த நிமிஷம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அரக்கைச் சூடாக்கித் திருப்பிப் பதித்திருப்பாள். அரை மணி நேர வேலை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எப்பிடிளா இருக்கு?"

"மஸ்தா இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

பயந்துபோய்ச் சொல்லவில்லை என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். புள்ளி மறந்தது தெரிந்தால் சார் திட்டுவார் என்ற பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. கால் பங்கு இருக்கும். மிச்ச முக்கால் பங்கு, வெட்டட்டும், பேரை வெட்டட்டும், வெட்டின பிறகு பார்க்கட்டும் என்பதுதான். அவளுடைய பேர் மரத்துக்குள் போய் மறைவதை நினைத்தபோது எனக்கு உள்ளே குளிர்ந்தது. பிடிக்குள் எழுதி வைத்துக்கொள் என்று என்னிடம் சொன்னார்கள் அல்லவா?

அப்புறம் மூன்று நாள். அவள் பூசணிக்கொடி வெட்டினாள். கத்தியில் சித்திரம் வெட்டுகிறவர்கள் எல்லாரும் வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து வளையம் வளையமாக வெட்டுவார்கள், அவளுக்கு அது பிடிக்காது. பூசணிக்கொடி பற்றிக்கொண்டு ஏறுவதற்குச் சுருள் சுருளாக விடுமே, அதைத்தான் வெட்டினாள். ஒரு சுருளுக்குள் இன்னொரு சுருள், நடுவில் வாய் மூடின மொட்டு. உளியைச் சின்னச் சுத்தியால் டிக் டிக் என்று தட்டுகிற சத்தம் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது. தினமும் காலையில் சாயா வேளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சாயா வரும், சாப்பாடு என்று தள்ளிவைப்பேன். இரண்டாம் நாளுக்குப் பிறகு இன்னொன்று சேர்ந்துகொண்டது. இப்போது சொன்னால், எப்போது பார்த்தாய் என்று கேட்பாள். அவ்வளவு வெட்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்தாய் என்று கேட்பாள். குளிர்ந்தது எல்லாம் போய்விட்டது.

நாலாவது நாள் முழுக்கப் பேருக்கே போனது. நாலு எழுத்து. ஒரு அரிசி நீளம்கூட இல்லை. பாத்திரத்தில் இரண்டு நிமிஷத்தில் நாலு எழுத்து வெட்டுகிறவள், அன்றைக்குப் பென்சிலால் எழுதுகிறாள், அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். சார் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மாட்டுங்கா பள்ளிக்கூடத்துத் தமிழ், மெதுவாகத்தான் வரும். படித்து முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அரத்தில் ஒட்டின பித்தளைத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் அரக்கிலிருந்து எடுத்து, மண்ணெண்ணெயில் துடைத்து, என் முன்னால் வைத்தாள். அடுத்தது என் வேலை. கார்டை ஏற்றி இறுக்க வேண்டும். சார் பிளேடை மேஜை மேல் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் பட்டறையிலும் பார்ப்பார்கள். வைத்துவிடுவார்கள், எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்துக்கு நான் நாலு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஏற்றிப் பார்ப்பேன், திடுக்கிடுவேன், ஐயோ என்பேன். எடுத்தேன். ஏற்றவே முடியவில்லை. 

"என்னளா?" என்றாள்.

"ஏட்டி, இது பின்பக்கம்."

அவள் வாங்கிப் பார்த்தாள். துளையைப் பார்த்தாள், திருப்பினாள், அந்த ஊசிமுனைக் குழியைப் பார்த்தாள், நகத்தால் தடவினாள். "இத நீ வச்ச புள்ளின்னு நெனச்சேன்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ புள்ளி வைக்கலையாம்மா?"

"மறந்துட்டேன் சார்." அது உண்மை. அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு பேரும் ஒரு தரம் பிளேடுல போட்டுப் பாத்திருந்தா இது வந்திருக்காது. சரி, யாரைச் சொல்லி என்ன" என்றார்.  பிறகு என் பக்கம் திரும்பினார். "திருப்பியே மாட்டிடலாமா? சந்துல ஈயம் ஊத்தி மூடிட்டா? டாக்டருக்குத் தெரியாது. இவ்வளவு வேலையை எப்படிம்மா அழிக்கறது?"

 நான் போட்டதிலேயே நல்ல கார்டு அது. அதன் வாயில் ஈயம் ஊற்ற வேண்டும் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா, சரி என்று சொல்ல மனசு வருமா?

அவள்தான் சொன்னாள். "வேண்டாம் சார். இவ போட்டா வெளிச்சம் போவாது. வேற ஆளு போட்ட கத்தியில எல்லாம் கிட்ட வச்சுப் பாத்தா சந்து தெரியும். இவ போட்டதுல தெரியாது. அதுல போயி ஈயத்த ஊத்தி அசிங்கம் பண்ணவா? கொடி நான் இன்னொண்ணு வெட்டுவேன்."

மூன்று வருஷமாக எந்த வார்த்தைக்கு நான் போனைத் தடவித் தடவி அலைந்தேனோ, அது அவள் வாயிலிருந்து வந்தது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

பின்முகத்தை அப்படியே விடவும் முடியாது. பிடி உட்காருகிற முகம் சமமாக இருக்க வேண்டும். கொடியின் பள்ளத்தில் பிடியை ஒட்டுகிற பிசின் நிறைந்து விளிம்பில் கறுப்பாகத் தெரியும். அழித்தே ஆக வேண்டும். அவள் கார்டை என் முன்னால் தள்ளினாள்.

"நான் அராவுனா மேடும் பள்ளமுமா வரும். அரம் ஒன் கையிலதான் பேசும். நீயே எடுத்துரு."

கார்டை வைஸ் இடுக்கியில் இறுக்கினேன். அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பேர் இருந்த ஓரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்தேன். முதல் இழுப்பில் ஒரு மொட்டு போனது. அரம் போகப் போகச் சுருள்கள் ஆழம் குறைந்து, கோடாகி, கோடும் போய் வெறும் பித்தளையாகிக்கொண்டு வந்தன. இதைத்தானே முதல் நாள் நினைத்துக் குளிர்ந்தாய், இந்தா, உன் கையாலேயே செய் என்று கொடுத்துவிட்டார்கள். பேருக்கு வந்தபோது நிறுத்தினேன்.

"ம், போ" என்றாள்.

ஆறு இழுப்பில் போய்விட்டது. நாலு எழுத்துக்கு ஆறு இழுப்பு. அவள் தூளை ஊதிவிட்டு, விரலால் தடவிப் பார்த்து, "சமமா இருக்கு" என்றாள்.

மறு முகத்தில் அவள் திரும்பவும் வெட்டினாள். அதே பூசணிக்கொடி. முதலில் வெட்டினதைவிட நன்றாக வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். பொய். முதல் கொடியை முழுசாகப் பார்த்தவர்கள் மூன்று பேர்தான், அதில் நான் ஒருத்தி. முதல் கொடிதான் நன்றாக இருந்தது. இரண்டாவதில் ஒரு தப்பும் இல்லை, அவ்வளவுதான். டாக்டர் வழக்கம் போலப் படம் போட்டார். அவள் பேரை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு இங்கிலீஷில் எழுதியிருந்தார். அந்தத் தடவை நான் கீழே தள்ளிப் படிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், இரண்டு பேரும் சயான் பக்கம் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கினாள். பையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கேன், பொய் சொல்லாத. அன்னைக்குச் சாயா கொண்டாந்து வச்சேல்லா. அப்பமே பாத்துட்ட, என்ன?"

கார், ஆட்டோ, அடைத்துக்கொண்டு நிற்கிற லாரி. இரைச்சலில் காதில் விழவில்லை என்று நடிக்க ஒரு வாய்ப்பு இருந்தது. நான் நின்றுவிட்டேன்.

"பாத்தேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "நெனச்சேன். அந்த நேரம் ஒன் மூஞ்சி ஒரு மாதிரி போச்சு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வேல அவ்வளவு நல்லா வந்திருக்கு போல, இவளுக்கே பொறாமையா இருக்குன்னு நெனச்சேன். அன்னைக்குப் பூராவும் எனக்கு அவ்வளவு சந்தோசம்ளா. யாரு நல்லாருக்குன்னாலும் எனக்குப் பெருசா ஒண்ணும் தோணாது. அவங்களுக்கு என்ன தெரியும்? நீ வேல தெரிஞ்சவ."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எதிரே ஸ்டாப்பில் அவள் பஸ் வந்து நின்றது. ஏறி, உள்ளே தள்ளிப்போய், ஜன்னல் வழியாக எப்போதும் போலக் கையைக் காட்டினாள்.

மறுநாள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். டப்பாவில் தேங்காய்ச் சாதம் இருந்தது, எனக்கும் ஒன்று. சாயாவில் பெரிய பாதி என் பக்கம் வந்தது. சாரிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்று வரைக்கும் சொல்லவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், நாற நாறச் சண்டை போட்டு இரண்டு வாரம் பேசாமல் இருந்து திரும்பப் பேசியிருப்போம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது தெரிந்த வழி. அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

ஆனால் இப்போது நான் ஒரு கார்டை முடித்து வைத்தால், அவள் உடனே அரக்குச் சட்டியைத் தொடுவதில்லை. சார் மேஜையிலிருந்து அதன் பிளேடை எடுத்து வருகிறாள். கார்டைத் தானே ஏற்றுகிறாள். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். என் வேலையை இவ்வளவு நேரம், இவ்வளவு கவனமாக ஒருத்தர் பார்த்ததே இல்லை. பார்த்துவிட்டு "நல்லாருக்குளா" என்று சொல்லி, தானே பேனாவால் முகத்தில் ஒரு குறி போட்டுக்கொள்கிறாள். நான் வைத்த புள்ளி அங்கேயே இருக்கும். அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறாள்.

மர உறையின் வாய் கார்டில் எதுவரை வந்து முட்டும் என்று காட்ட, சாச்சா அட்டையில் ஒரு அளவு வெட்டிக் கொடுப்பார். அதற்கு வெளியேதான் அவள் கொடியை நிறுத்த வேண்டும். அது ஒரு அரிசி அளவு பிசகினாலும் அவள் வேலை மொத்தமும் பாழ். அவர் தலையைக்கூடத் தூக்காமல் பின்பக்கமாக நீட்டுவார். அவள் பேச்சை நிறுத்தாமல் கையை நீட்டி வாங்கி, ஒரு தடவையும் சரி பார்க்காமல், அப்படியே பித்தளை மேல் வைத்துக் கோடு போட்டுவிடுகிறாள். அந்த நேரத்தில் சாச்சாவைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.